சேம்புக் குழி யாருடையது

தராவாத் தீவில் மழை பொய்த்து அது இரண்டாவது வருஷம். மேகம் வராமல் இல்லை. வெளிக்கடல் பக்கம் கறுத்துத் திரண்டு வரும். தீவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு யாருக்கோ பெய்ய வேண்டியிருப்பதுபோல நகர்ந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. தாழைகள் சூம்பிப்போன பழம் வைத்து, அதையும் பழுக்கும் முன்னே உதிர்த்தன. தென்னைதான் கொஞ்சம் தாங்கியது. அதுவும் பாளையைச் சீவினால் முன்பு சிரட்டை வழிய இறங்கிய கள் இப்போது அடிச்சிரட்டை நனைய இறங்கியது.

மரேவா மரத்தடியில் குடுவையோடு நின்றாள். மேலே அவள் புருஷன் தெயாங்கா பாளை சீவிக்கொண்டிருந்தான். பாளை சீவுகிறவன் பாடிக்கொண்டு சீவ வேண்டும். மேலே ஆள் இருக்கிறான் என்று கீழே குளிக்கிற பெண்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா. தெயாங்கா ஒரு காலத்தில் நன்றாகப் பாடுவான். அவன் குரலைக் கேட்கவே குளிக்க வந்தவள்தான் மரேவா. இப்போது அவன் மரத்தில் ஏறியதும் இரண்டு முறை செருமுவான், அவ்வளவுதான். மரம் அவனுடையது இல்லை. மரேவாவின் தாய்மாமன் பௌரோவுடையது.

அவர்களுடைய மரங்கள் வடமுனையில் இருந்தன. மரங்களும், வீடும், மரேவா பறிகொடுத்த இரண்டு பிள்ளைகளைப் புதைத்த இடமும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சேம்புக் குழியும். தெயாங்காவின் பாட்டனுக்குப் பாட்டன், கடினமான பாறையைச் சிப்பி மண்வெட்டியால் கொத்திக் கொத்தி, நல்ல தண்ணீர் ஊறுகிற மட்டம் வரைக்கும் தோண்டிய குழி. மண்ணே இல்லாத தீவில் அதில் மட்டும் கறுப்பு மண் இருந்தது. பரம்பரை பரம்பரையாக இலையை நறுக்கி, மக்கவைத்து, ஒவ்வொரு செடிக்கும் தாழை ஓலையில் கூடை பின்னிச் சுற்றி, அதற்குள் போட்டுப் போட்டு உண்டாக்கிய மண். அந்தச் சேம்பின் இலைக்கடியில் மழைக்கு ஒரு குடும்பமே ஒதுங்கலாம்.

போன மேல்காற்றுக் காலத்தில் தீவு இரண்டு பட்டது. யார் முதலில் யாரைச் சுட்டார்கள் என்பதற்கு இரண்டு கதை உண்டு. தெயாங்காவின் ஆட்கள் தோற்றார்கள். தோற்றவர்களைத் தென்கோடித் திட்டுவரைக்கும் துரத்திவிட்டு, ஜெயித்தவர்கள் வடமுனையில் உட்கார்ந்துகொண்டார்கள். தெயாங்காவின் வீட்டில் கபுத்தா உட்கார்ந்தான். அவனுக்கும் அங்கே பக்கத்து மண்தான். வேலி தாண்டி வந்ததுபோல வந்துவிட்டான்.

ஜெயித்தவன் உட்காருவான், தோற்றவன் காத்திருப்பான், காற்று மாறும்போது அவன் இவனைத் துரத்துவான். தீவில் எப்போதும் நடக்கிறதுதான் இது. அதனால் மரேவா மனசை விடவில்லை. தென்திட்டில் இடம் கொடுத்த பௌரோவின் வீட்டுப் பெண்கள் கரி பிடித்த கள்ளுச்சட்டியைத் தன் பக்கம் தள்ளும்போதுகூட அவள் முகம் சுளிக்காமல் தேய்த்தாள். தெயாங்காவும் அவன் தம்பி நரிக்கியும் மற்றவர்களும் கொப்பரை கொடுத்துத் துப்பாக்கி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி மேல்காற்று எழும்பியதும் வடமுனைக்குப் போய் அடிப்பதாகப் பேச்சு.

அன்று தெயாங்கா மரத்திலிருந்து இறங்கவில்லை. காயல் வாயைப் பார்த்தபடி அப்படியே நின்றான்.

"என்ன, தூக்கமா மேலயே?" என்றாள் மரேவா.

"பொகை தெரியுது."

"யாரு வீட்ல?"

"வீட்ல இல்ல. கப்பல்ல."

காற்றுக்குக் காத்திருக்காத கப்பல் அது. சாயங்காலத்துக்குள் பவளப்பாரைக் கடந்து, காயலுக்குள் வந்து, வெள்ளையாக நங்கூரம் போட்டு நின்றது. அதன் பக்கவாட்டில் பீரங்கி வாய்கள் வரிசையாகத் தெரிந்தன.

அந்தக் கப்பலிலிருந்து படகில் வந்தவன் பெனியமினா. இதே தீவில் பிறந்து, கரும்பு வெட்டப் பீஜிக்குப் போய், வெள்ளைக்காரப் பாஷை கற்றுக்கொண்டு காற்சட்டையோடு திரும்பியவன். பௌரோவின் வீட்டில் உட்கார்ந்து கள் வாங்கிக் குடித்துவிட்டுச் சேதி சொன்னான். இங்கிலாந்து ராணியம்மா தீவுகளையெல்லாம் தன் காவலில் எடுத்துக்கொள்கிறாள். ஜெர்மன்காரன் வந்து பிடிக்க முடியாது, அமெரிக்காக்காரன் பிடிக்க முடியாது. காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கப்பல்காரன் இஷ்டத்துக்கு அள்ளிப் போக முடியாது. நாளை மறுநாள் ஊர்க்கூடத்தில் கொடி ஏறும். அதற்கு முன் இரண்டு பக்கத்தாரும் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்.

"வைக்கலன்னா?" என்றான் நரிக்கி. அவன் கோபக்காரன். முன்பல் ஒன்று சண்டையில் போனதிலிருந்து பேச்சோடு காற்றும் வரும்.

"கப்பல்ல இருக்கறதப் பாத்தீல்ல?"

"பாத்தேன். ஓட்ட ஓட்டையா இருக்கு. அதுல என்ன, நண்டு வளக்கறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தெயாங்கா சிரிக்கவில்லை. "அவங்க பக்கமும் வைக்கணுமா? கபுத்தாவும்?"

"ரெண்டு பக்கமும்தான். ராணிக்கு நீயும் ஒண்ணு, கபுத்தாவும் ஒண்ணு."

"அப்புறம் ஞாயம் பேசுவாங்களா?"

பெனியமினா சிரட்டையின் அடியில் மிச்சமிருந்ததைப் பார்த்தான். "காவல்னா என்ன? ஞாயம் இல்லாம காவலா?" என்றான்.

அவன் போன பிறகு நரிக்கி எழுந்தான். "அண்ணே, நீ என்ன யோசிக்கறன்னு எனக்குத் தெரியும். வேண்டாம். துப்பாக்கி இருக்கற வரைக்கும்தான் நம்மகிட்டப் பேசவே வருவான். குடுத்துட்டா நாம யாரு? பௌரோ மாமா வீட்டுல கள்ளுக்குச் சட்டி கழுவறவங்க."

"ஏலேய், பாத்துப் பேசு" என்றார் பௌரோ மூலையிலிருந்து.

"நீங்க கோவிச்சுக்காதீங்க மாமா. கழுவறது மதினிதான். நீங்க கழுவச் சொன்னீங்கன்னு நான் சொல்லல."

மரேவா தலைகுனிந்துகொண்டாள். தெயாங்கா தம்பியைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "நாம போயி அடிச்சா ஜெயிப்போம்னே வச்சுக்க. எத்தன பேரு மிஞ்சுவோம்? அடுத்த வருஷம் கபுத்தாவோட மச்சான் வருவான். அதுக்கு அடுத்த வருஷம்? வெள்ளக்காரனுக்கு நம்ம மண்ணு தேவையில்ல. இதுல அவன் நட்டுப் பொழைக்க என்ன இருக்கு? அதனாலயே அவன் பொதுவாப் பேசுவான். குழிய யாரு தோண்டுனாங்கன்னு கேப்பான். தீவுல எவனக் கேட்டாலும் நம்ம பேரத்தான் சொல்லுவான். கபுத்தாவே பொய் சொல்ல மாட்டான்."

"சொல்ல மாட்டான். கேட்டாத்தான சொல்றதுக்கு."

ஆனால் தெயாங்கா பேச்சை மற்றவர்கள் கேட்டார்கள். அவன் நிதானமானவன், யாரையும் ஏய்த்ததில்லை. மரேவாவும் மனசுக்குள் அவன் பக்கம்தான் நின்றாள். சண்டை இல்லாமல் வீட்டுக்குத் திரும்புவது. அவள் கைகள் அப்போதே குழிக்குள் இறங்கி, கிழிந்த கூடைகளைச் சரி பார்க்கத் தொடங்கிவிட்டன.

கொடி ஏறிய அன்று ஊர்க்கூடத்தில் கால்வைக்க இடமில்லை. வடமுனை ஆட்கள் அவர்களுக்குரிய தூணடியில், தென்திட்டு ஆட்கள் இவர்களுக்குரிய தூணடியில். நடுவில் பாய் விரித்து, அதன்மேல் துப்பாக்கிகள் குவிந்தன. தெயாங்கா தன்னுடையதை வைக்கும்போது, பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல மெல்லக் கிடத்தினான். நரிக்கி எறிந்தான். வெளியே தென்னை மாதிரி நெட்டையாக ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். கொம்பு ஊதினார்கள். கொடி ஏறியது. கப்பல் பீரங்கி வெடித்த வெடியில் கூரைக்குள்ளிருந்த பல்லிகள் உதிர்ந்தன. பிள்ளைகள் வீறிட்டு அழுதன. மரேவாவின் மகள் தங்கிரா மட்டும் அழாமல், விழுந்த பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

கப்பலின் கப்பித்தான் வியர்வை வழிய நின்று பேசினார். நல்ல முகம். பெனியமினா எடுத்துச் சொன்னான்.

"இன்னையிலருந்து ஒங்க மேல ராணியோட கை இருக்கு. சண்டை கிடையாது. கொலை செஞ்சவன் தூக்குல தொங்குவான். துப்பாக்கி விக்கிறவன், சாராயம் விக்கிறவன் தண்டம் கட்டுவான். எல்லாரும் அண்ணன் தம்பியா இருக்கணும்."

"நல்லது" என்று கூட்டம் முழங்கியது. பெரியவர்கள் சிலர் அழக்கூடச் செய்தார்கள்.

தெயாங்கா எழுந்தான். அவன் எழுந்ததும் எதிர்த் தூணடியில் கபுத்தா உட்கார்ந்த இடத்தில் அசைந்தது மரேவா கண்ணில் பட்டது. தெயாங்கா சுருக்கமாகப் பேசினான். இன்ன மண் எங்கள் மண். இன்னார் தோண்டினார், இன்னார் நட்டார், இன்னார் அதில் புதைந்திருக்கிறார். போன மேல்காற்றில் துரத்தினார்கள். இப்போது எல்லோரும் அண்ணன் தம்பி. எப்போது திரும்பிப் போகலாம் என்று கப்பித்தானைக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

பெனியமினா கேட்டான். கப்பித்தான் பதில் சொல்ல நேரமாகவில்லை. இதே கேள்வியை வேறு தீவுகளிலும் அவரிடம் கேட்டிருப்பார்கள் போல.

"என்ன சொல்றாருன்னா..." பெனியமினா தெயாங்காவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். "பழசக் கிண்டுனா மறுபடியும் சண்டைதான் வரும். ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கதை சொல்லுவான். எது மெய்யின்னு அவரு எப்படிப் பாப்பாரு? அதனால எல்லாத் தீவுக்கும் ஒரே சட்டம். கொடி ஏறுன நேரத்துல எவன் எந்த மண்ணுல இருக்கானோ, அந்த மண்ணு அவனுக்கு. இனிமே அதுல யாரும் கை வைக்க முடியாது."

பாரில் அலை உடைகிற சத்தம் கேட்டது.

"நாங்க இப்ப பௌரோவோட திட்டுல இருக்கோம்" என்றான் தெயாங்கா. "அது அவரு மண்ணு."

"அப்போ அவரு போகச் சொல்ற வரைக்கும் அங்க இரு."

"நீ சரியாச் சொன்னியா அவருகிட்ட? தோண்டுனது எங்க பாட்டன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"மறுபடி சொல்லு."

பெனியமினா மறுபடி சொன்னான். கப்பித்தான் தலையை அசைத்தார். அதில் வெறுப்பு இல்லை. வருத்தம்கூட இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் இனி ஒன்றும் நடக்காது என்று மரேவாவுக்குப் புரிந்தது. கோபக்காரனாக இருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம்.

நரிக்கி பின்னாலிருந்து கத்தினான்: "அவருகிட்டச் சொல்லுப்பா. அந்தக் கொடிய எறக்கி ஒரு ஓரமா மடிச்சு வைக்கட்டும். ஒரு மாசம் கழிச்சு ஏத்தட்டும். அதுக்குள்ள நாங்க போயி எங்க மண்ணுல உக்காந்துக்கறோம்!"

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். கபுத்தாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கப்பித்தான் கேட்டார். பெனியமினா ஏதோ சொல்லிச் சமாளித்தான். கப்பித்தானும் சிரித்தார். துப்பாக்கிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், பாருக்கு வெளியே ஆழத்தில் கொட்டினார்கள்.

காப்பித் தேசத்துக்கு ஆள் ஏற்றுகிற கப்பல் அடுத்த மாதமே வந்தது. இஷ்டத்துக்கு அள்ள முடியாது என்றார்களே, அது மெய்தான். இப்போது அனுமதி வாங்கிக்கொண்டு வந்தது. நரிக்கி ஏறினான். தென்திட்டின் இளவட்டங்கள் முக்கால்வாசிப் பேர் ஏறினார்கள்.

"மதினி, திட்டுனாத் திட்டு. இங்க இருந்து அண்ணன் மூஞ்சியப் பாக்க என்னால ஆகாது" என்றான் மரேவாவிடம். "அவன ஒண்ணும் சொல்லாத. அவன் நெனச்சது தப்பில்ல. ஞாயமானவன் மத்தவனையும் அப்படித்தான் நெனப்பான்."

"அங்க மழை உண்டாம்ல?"

"தெனமும் பெய்யுமாம். நனஞ்சுக்கிட்டே வேலை செய்வோம்" என்று பல் போன வாயால் சிரித்தான். அந்தக் கப்பலில் போனவர்களில் யாரும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

தெயாங்காவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனை அரித்தது. துப்பாக்கியைக் கொடுக்கச் சொன்னவன் அவன். கள் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்து, வெளிக்கடல் பக்கம் உட்கார்ந்திருப்பான். பேச்சு குறைந்தது. பௌரோ வீட்டுப் பெண்களின் பேச்சு கூடியது.

"கொடிதான் ஏறிடிச்சே, இனி இவங்க எங்க போவாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். மரேவா காதில் விழட்டும் என்றே கேட்டாள். அதுவரை விருந்தாளி. கொடிக்குப் பிறகு தீனி போடவேண்டிய வாய்.

மழை அப்போதும் இல்லை. காயல் ஓரத்துச் சிப்பியைத் தோண்டித் தோண்டிச் சேறுதான் மிஞ்சியது. தங்கிராவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நின்றது, மறுபடியும் வந்தது. எப்போதும் எதையாவது பிடித்துத் திரிகிற பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. கள்ளுப்பாகைக் கரைத்து ஊற்றினால் ஓரத்தில் வழிந்தது. மீன் வாடைக்கே உமட்டினாள்.

"சேம்பு மாவு கரைச்சுக் குடுத்தா வயித்துல நிக்கும்" என்றார் பௌரோ. அவர் குழியில் தண்ணீர் உப்பாகிச் செடிகள் அழுகியிருந்தன.

தெயாங்கா எழுந்து போனான். விடிந்து வெயில் ஏறுகிற நேரம். ஒளிந்தெல்லாம் போகவில்லை. வடமுனைக்கு நடந்து, தன் குழியில் இறங்கி, தன் தகப்பன் நட்ட செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டை வெட்டி மறுபடி அதே இடத்தில் ஊன்றி, கூடையைச் சரி செய்துவிட்டுக் கிழங்கோடு மேலே ஏறினான். மேலே கபுத்தாவின் மருமகன் நின்றான், புதுக் காவல்காரத் தொப்பியோடு. அவனை நேரே கபுத்தாவிடம் கூட்டிப்போனான்.

அந்தப் பக்கத்துக்குக் கபுத்தாவைத்தான் நீதி சொல்ல வைத்திருந்தார்கள். நீலக்கோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அவன் படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

"தெயாங்கா, நீ என்னக் கேட்டிருக்கலாம்ல" என்றான் கபுத்தா.

"என் குழிக்கு ஒன்ன எதுக்குக் கேக்கணும்?"

"இப்படிச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? சட்டம் நான் போட்டதா? திருடுனவனுக்கு ரோட்டு வேலைன்னு போட்டிருக்கான். புள்ளைக்கு ஒடம்பு முடியல, கேக்காம எடுத்துட்டேன், மன்னிச்சிரு, கபுத்தாவோட குழின்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே கெளம்பு, கெழங்கையும் எடுத்துட்டுப் போ."

தெயாங்கா சொல்லவில்லை. கொடிமரத்திலிருந்து வடமுனைவரை நேராக ஒரு பாதை போட ஆரம்பித்திருந்தார்கள். வெளிக்கடல் ஓரத்திலிருந்து பவளக்கல் சுமந்து வந்து பரப்புகிற வேலை. அதில் அவனைச் சேர்த்தார்கள். பாதை நேராகப் போகவேண்டும் என்பது உத்தரவு. தெயாங்காவின் குழியின் ஒரு மூலை அந்த நேரில் வந்தது. அந்த மூலையை அவனும்தான் கல் கொட்டித் தூர்த்தான்.

அன்று மரேவா தங்கிராவைத் தூக்கிப் பார்த்தாள். பிள்ளை கனமே இல்லை. பாயில் விட்டுவிட்டு, ஓலைக்கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு வடமுனைக்கு நடந்தாள். கல் சுமக்கிறவர்கள் இருந்த பக்கம் பார்க்காமல், காயல் ஓரமாகவே போனாள்.

கபுத்தாவின் பெண்டாட்டி தினாவே முற்றத்தில் ஓலை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். மரேவாவும் அவளும் ஒரே வருஷம் வடமுனைக்கு வாழ வந்தவர்கள். ஒருத்தி பிரசவத்துக்கு இன்னொருத்தி கால் பிடித்தவர்கள்.

"வாடி" என்றாள் தினாவே. பிறகு அது எந்த வீட்டு முற்றம் என்பது நினைவுக்கு வந்து எழுந்து நின்றாள். "உள்ள வா."

"இல்ல. இங்கயே நிக்கறேன்."

"நான் ஒண்ணும் மாத்தல. அடுப்பு நீ வச்ச எடத்துலயேதான் இருக்கு. சின்னதுங்க ரெண்டும் கெடக்கற எடத்துல வெள்ளக்கல்லு மாத்திப் போட்டேன். போயி வேணாப் பாரு."

மரேவா அந்தப் பக்கம் திரும்பவில்லை. "தங்கிராவுக்கு முடியல."

"கேள்விப்பட்டேன். நானே கொண்டாந்திருப்பேன். இந்தாளு விடல. தெயாங்கா வாயால ஒரு வார்த்த சொல்லட்டும்னு நிக்கறாரு."

"அவரு சொல்ல மாட்டாரு."

"ரெண்டும் ஒண்ணுதான். பாறாங்கல்லுங்க." தினாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ எதுக்கு வந்தியோ அத எடுத்துக்கடி. போயி நீயே எறங்கிப் பிடுங்கிக்க. எது வெளஞ்சதுன்னு ஒனக்குத் தெரியும்."

"நான் எறங்க மாட்டேன். நீ பிடுங்கித் தா."

தினாவே கையிலிருந்த ஓலையை உதறி ஓரமாகப் போட்டாள். பிறகு குழிக்குப் போய், இடுப்பளவு சேற்றில் இறங்கி, நல்ல கிழங்காகப் பார்த்துப் பிடுங்கி வந்தாள். பெரிய கிழங்கு. தொடைத் தடிமன் இருந்தது. கழுவிக் கூடையில் வைத்தாள். ஓலையால் மூடப் போன மரேவாவின் கையைப் பிடித்தாள். 

"மூடாத. மூடிக் கொண்டுபோனா நிப்பாட்டுவாங்க. போட்டுருக்கற சட்டம் அப்படி. தெறந்து கொண்டுபோ. எவனாவது கேட்டா..." தினாவே குரல் இறங்கியது. "கேட்டா, கபுத்தா வீட்டுல குடுத்ததுன்னு சொல்லு. கபுத்தா குழிச் சேம்புன்னு. இல்லேன்னா திருட்டுன்னு ஒன்னையும் கல்லுச் சுமக்க வச்சுருவானுங்க. அப்புறம் புள்ளைக்கு யாரு?"

"சரி."

"என் மேல கோவமாடி?"

"கோவப்படவும் தெம்பு வேணும்ல" என்றாள் மரேவா.

புதுப் பாதையில்தான் போகவேண்டியிருந்தது. கூடை கனத்தது. பாதை முனையில் கபுத்தாவின் மருமகன் தொப்பியைச் சரி செய்துகொண்டு நிறுத்தினான். அவன் பிறந்தபோது தொப்புள் கட்டியவள் மரேவா.

"யாரோட சேம்பு சித்தி?"

"கபுத்தா வீட்டுல குடுத்தாங்க."

"எந்தக் குழி?"

மரேவா அவனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். ஆனால் வழிவிடவில்லை.

"கபுத்தாவோட குழி."

அப்புறம் கிணற்றடியில் இரண்டு பெண்கள் கேட்டார்கள், வெறும் ஆசையில். அவர்களிடமும் சொன்னாள். ஊர்க்கூடத்து நிழலில் படுத்திருந்த கிழவர் தலையைத் தூக்கிக் கேட்டார். அவரிடமும். ஒவ்வொரு தடவையும் வார்த்தை கொஞ்சம் எளிதாக வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கொடிமரத்தருகே வரும்போது எதிரே கல் சுமப்பவர்கள் வரிசையாக வந்தார்கள். நடுவில் தெயாங்கா. தோளில் சாக்கு, சாக்கின்மேல் கல். கூடையைப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் வந்தவன் நல்ல மனசோடுதான் கேட்டான்: "அடேயப்பா, யாரோடது மரேவா இவ்ளோ பெரிய கெழங்கு?"

பின்னால் காவல்காரன் வந்துகொண்டிருந்தான். மரேவா தரையைப் பார்த்துச் சொன்னாள்: "கபுத்தாவோடது."

தெயாங்கா நிற்கவில்லை. கல்லோடு அவளைக் கடந்து போனான்.

கிழங்கைத் துருவிப் பிழிந்து, தேங்காய்ப்பாலில் காய்ச்சி, சிப்பி விளிம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிராவுக்கு ஊட்டினாள். முதல் நாள் பாதி வெளியே வந்தது. மறுநாள் நின்றது. தெயாங்கா வேலை முடிந்து வந்து, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். மரேவா அவன் முன்னால் ஒரு சிரட்டையில் வைத்தாள். அவன் தொடவில்லை.

"புள்ள சாப்பிடட்டும்" என்றான்.

"நான் சொன்னது தப்பா?"

"இல்ல."

"பின்ன ஏன் திங்க மாட்டேங்கறீங்க?"

அவன் சிரட்டையைப் பிள்ளையின் பக்கம் நகர்த்தி வைத்தான். "நீ சொன்னது தப்பில்ல மரேவா. அதான் சட்டம். நான் துப்பாக்கிய வச்சப்பவே நீ சொன்னத நானும் சொல்லிட்டேன். எனக்குத்தான் புரியல" என்றான். "கப்பித்தான் மேலயும் எனக்குக் கோவமில்ல. அவரு யாரையும் துரத்தல. கபுத்தா துரத்துனான், அவரு கதவச் சாத்திட்டுப் போயிட்டாரு, அவ்ளோதான்."

தண்டனை முடிந்த மறுநாள் காலையில் தெயாங்கா பௌரோவின் சின்னத் தோணியைக் காயலில் இறக்கினான். மரேவா கரையில் சிப்பி தோண்டிக்கொண்டிருந்தாள். அவன் தோணிக்குள் பாய்மரம் இருந்தது, துடுப்பு இருந்தது. தூண்டிலும் இல்லை, வலையும் இல்லை, தண்ணீர்ச் சிரட்டையும் இல்லை. எங்கள் தீவில் இது எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுதான். அவமானப்பட்டவன் அப்படித்தான் போவான். மேற்கே, பாரைத் தாண்டி, காற்று கொண்டுபோகிற பக்கம். அவனைத் திருப்பிக் கூப்பிடுவது அவனுக்கு இன்னொரு அவமானம்.

மரேவா சேற்றுக் கையோடு எழுந்தாள். முழங்கால் தண்ணீர்வரை போனாள்.

"தங்கிரா தூங்குதா?" என்றான்.

"ஆமா. ராத்திரி நல்லாத் தூங்கிச்சு."

"எழுப்பாத."

"பௌரோ மாமா தோணியக் கேப்பாரு" என்றாள். வேறு எதைச் சொல்வதென்று தெரியாமல் அதைச் சொன்னாள்.

"கேக்கட்டும்." அவன் முகம் அப்போது கொஞ்சம் இளகியது. "அவருக்கும் இப்பத்தான் ஞாயம் கேக்க ஆளு இருக்கே. கபுத்தாகிட்டப் போயிச் சொல்லட்டும்."

அதற்கு அவளால் சிரிக்க முடியவில்லை. அவன் துடுப்பை ஊன்றித் தள்ளினான். பாரைக் கடக்கும்போது அவன் பாடுவதுபோல் அவளுக்குக் கேட்டது. உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே அலைச் சத்தம் அதிகம்.

பௌரோ இரண்டு நாள் தோணியைத் திட்டினார், மூன்றாம் நாள் அழுதார். துக்கத்துக்குப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். வடமுனையிலிருந்து தினாவே வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனாள். கபுத்தா வரவில்லை. அவன் அந்த வாரம் நீலக்கோட்டைப் போடவில்லை என்று யாரோ சொன்னார்கள். அடுத்த வாரம் போட்டுக்கொண்டான்.

தங்கிரா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நடந்தாள். அப்பா எங்கே என்று கேட்டாள். கடலுக்கு என்றாள் அம்மா. கடலுக்குப் போகிறவர்கள் வருவார்கள் என்பதால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. சட்டியை எட்டிப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள்.

"அம்மா, இன்னும் இருக்கா?"

"தீந்துடிச்சு கண்ணு."

"எனக்குப் பசிக்குது."

பல மாதத்துக்குப் பிறகு பிள்ளை வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அதைக் கேட்க மரேவா எவ்வளவோ வேண்டியிருக்கிறாள். அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. வெளியே மேகம் கறுத்து, தீவுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கூடையை எடுத்துத் தட்டினாள். பிள்ளையைப் பௌரோவின் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு, வெள்ளைப் பாதையில் ஏறி வடமுனைக்கு நடந்தாள்.

திரும்பும்போது கூடையைத் திறந்தே வைத்திருந்தாள். பாதை முனையில் காவல்காரன் ஒதுங்கி வழிவிட்டான். கிணற்றடியில் பெண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். ஊர்க்கூடத்துக் கிழவர் தலையைத் தூக்கினார், மறுபடி படுத்துக்கொண்டார்.

யாருடைய சேம்பு என்று இந்தத் தடவை ஒருவரும் கேட்கவில்லை.